மீன்தொட்டியும் மீன்வைத்தியமும்



நோயுற்ற மாடு தீனியை மறுத்து நிற்கும். நோயுற்ற நாய் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அவற்றின் குறிப்பை நாம் பரம்பரையாக அறிவோம். ஆனால், மீனின் நோய்க்குறிப்பை அறிய மனிதனுக்கு நெடுங்காலம் சென்றது. சீனத்தில் சொங் மரபினர் ஆண்ட காலத்திலேயே பொன்மீன்கள் குளங்களில் வளர்க்கப்பட்டன. எனினும், மேலிருந்து நோக்குவோருக்கு மீனின் முதுகே தெரியும். அதன் செவுளையும் செட்டையையும் பக்கவாட்டில் நின்று நாள்தோறும் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய கண்ணாடித் தொட்டியாகும்.

இலண்டனில் இரசாயன அறிஞராகப் பணியாற்றிய ரொபேட் வாரிங்டன் என்பவர், இரண்டு சிறிய பொன்மீன்களை நீர்ப்பூண்டுகளுடன் ஒரு பாத்திரத்தில் வளர்த்து, தாம் கண்டவற்றை 1850 இல் வெளியிட்டார். பூண்டுகள் ஒட்சிசனைத் தந்தன. ஆயினும் அவற்றின் இலைகள் அழுகவே நீர் கலங்கியது. மீன்களுக்கு ஆபத்து நேர்ந்தது. அவர் மருந்தொன்றும் இடவில்லை. அழுகிய இலைகளைத் தின்னும் நத்தைகளை விட்டார். நீர் தெளிந்தது. மீனுக்கு வைத்தியம் செய்யுமுன் நீருக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்தது.

1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்காட்சிக் கூடம் திறக்கப்பட்டது. வீடுகளிலும் தொட்டிகள் பெருகின. மீன்கள் மடிவதும் பெருகியது. காரணம் என்ன? மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களை உருசிய அறிஞர் வினோகிராட்சுக்கி 1890 ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டினார். புதிய தொட்டியில் இவை நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். அதற்குள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்குமாயின், பலர் மருந்துப் போத்தலைத் தேடுவர். அப்பொழுது முதலில் வேண்டியது, நீரில் ஒரு பங்கை அகற்றி, குளோரீன் நீங்கிய நன்னீரை விடுவதும் உணவைக் குறைப்பதுமாகும்.

இனி, உண்மையான தொற்றுநோய்க்கு வருவோம். உடலிலும் செட்டையிலும் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றும். மீன் கற்களில் உடலை உரசும். இதனை உண்டாக்கும் ஒட்டுண்ணியை 1876 இல் பூக்கே என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் விவரித்து, 'பல பிள்ளைகளையுடைய மீன்பேன்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். பெயர் பொருத்தமானதே. மீனின் தோலுக்கடியில் முதிர்ந்த உயிர் கீழே உதிர்ந்து, உறையொன்றுக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகின்றது. அக்குஞ்சுகள் நீந்திச் சென்று வேறு மீனைப் பற்றுகின்றன.

தோலுக்கடியிலும் உறைக்குள்ளும் இருக்கும்போது இவ்வுயிரை மருந்து எட்டாது; நீந்தித் திரியும் வேளையிலேயே கொல்லும். புள்ளி மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று வைத்தியத்தை நிறுத்துவோர் சில நாளில் மீண்டும் புள்ளிகளைக் காண்பது இதனாலேயே. இளஞ்சூடான நீரில் இச்சுற்று சில நாளில் முடியும்; குளிர்ந்த நீரில் வாரக்கணக்காகும். அதற்கேற்ப மருந்தைத் திரும்பத் திரும்ப இடவேண்டும்.

அதே 1876 இல் ஜெர்மனியில் துணிச்சாயமாக ஆக்கப்பட்ட மெதிலீன் நீலம் பிற்காலத்தில் மீன்மருந்தாயிற்று. மலக்கைற்றுப் பச்சையும் சாயமாகப் பிறந்ததே. அது நஞ்சுத்தன்மை உடையதாதலால் உணவுமீன்களுக்கு இடுவதைப் பல நாடுகள் தடைசெய்துள்ளன. மருந்தென்பது அளவறிந்து இடவேண்டியது என்பதற்கு இதுவே சான்று.

1904 இல் ஜெர்மானிய அறிஞர் புரூனோ ஹோபர் மீன்நோய்களைப் பற்றி விரிவான கைந்நூலொன்றை வெளியிட்டார். அதன்பின் இத்துறை தனிக்கலையாக வளர்ந்தது. பஞ்சு போன்ற வெண்படலம் புண்ணில் தோன்றினால் அது பூஞ்சணம்; செட்டை ஓரம் கிழிந்து கரைந்தால் பெரும்பாலும் பற்றீரியா; பொற்றூள் படிந்தாற்போல் மினுங்கினால் வேறோர் ஒட்டுண்ணி; வயிறு வீங்கிச் செதில்கள் நிமிர்ந்தால் உள்ளுறுப்புகள் பழுதுற்றமைக்கு அறிகுறி. இவை வெவ்வேறு நோய்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை ஊற்றுவது வைத்தியமாகாது.

நம் நாட்டு ஓடைகளில் வாழும் 'லே தித்தயா' என்னும் செந்நிறச் சிறுமீனை 1929 இல் பி. ஈ. பி. தெரணியகல விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று அது உலகெங்கும் தொட்டிகளில் வளர்கின்றது. மீன்கள் பயணஞ் செய்யும்போது நோய்களும் உடன் பயணஞ் செய்கின்றன. ஆதலால், புதிதாக வாங்கிய மீனை இரண்டு மூன்று வாரமாவது வேறு தொட்டியில், வேறு வலையுடன் தனித்து வைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஓடையில் வாழும் மீன் கெட்ட நீரை விட்டு அகன்று செல்லக்கூடும். தொட்டியில் அடைபட்ட மீனுக்கு அவ்வழி இல்லை. நாம் அதை அடைத்துவிட்டோம். ஆதலின், நாள்தோறும் உணவிடும்போது ஓரிரு நிமிடம் நின்று அதனை உற்றுநோக்குவது நம் கடமையாகும்.