மடியும் இருக்கையும்

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1978ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் அழைத்துச் செல்வோர் அதற்குரிய பாதுகாப்பு இருக்கையில் அமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். அந்நாட்டில் இவ்வகையில் இதுவே முதற் சட்டம். ராபர்ட் சாண்டர்ஸ் என்னும் குழந்தை மருத்துவரும் அவர் மனைவி பாட் சாண்டர்ஸும் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மீண்டும் மீண்டும் மன்றாடிப் பெற்ற சட்டம் அது.

ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, பொறுப்பு பெற்றோர் மீதும் சட்டப்படியான காப்பாளர் மீதும் மட்டுமே சுமத்தப்பட்டிருந்தது. அதுவும் அவர்கள் தம் சொந்த வண்டியில் செல்லும்போது மட்டும். பேரனைத் தன் காரில் ஏற்றிச் செல்லும் தாத்தாவைச் சட்டம் கண்டுகொள்ளவேயில்லை. இரண்டாவது, பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தால் இருக்கை தேவையில்லை என்ற விலக்கு. சாண்டர்ஸ் இதைக் ‘குழந்தையை நசுக்கும் திருத்தம்’ என்றே அழைத்தார். அந்த விலக்கை நீக்க 1981 வரை ஆயிற்று.

ஏந்திய கை பாதுகாப்பானது என்று சட்டமியற்றியவர்களே நம்பினார்கள் என்றால், பாட்டிமார் நம்பியதில் வியப்பென்ன? குழந்தை இருக்கையின் வரலாறு பொறியியலின் வரலாறாக எழுதப்படுவதே வழக்கம். மடியிடமிருந்து குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய வரலாறாக அதைப் படிப்பதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது.

தொடக்கத்தில் இருக்கைக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பே இல்லை. 1930களிலும் 40களிலும் விற்ற இருக்கைகள் குழந்தை வண்டிக்குள் தவழ்ந்து திரியாமல் இருக்கவும், சன்னல் வழியே வேடிக்கை பார்க்கவும் செய்யப்பட்டவை. முன்னிருக்கையின் முதுகில் கொக்கியால் மாட்டிய கித்தான் பைகள் அவை. சிலவற்றில் விளையாட்டு ஸ்டியரிங்கும் உண்டு. விபத்து நேர்ந்தால் பையோடு குழந்தையும் பறக்கும்.

திருப்பம் 1960களில் வந்தது. பிரிட்டனில் ஜீன் ஏம்ஸும், அமெரிக்காவில் லெனர்ட் ரிவ்கினும் விபத்தை மனத்தில் கொண்டு இருக்கைகளை வடிவமைத்தனர். ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மன் இன்னொரு வழியில் சிந்தித்தார். விண்வெளி வீரர்கள் மல்லாந்து கிடந்தபடி ஏவப்படுகிறார்கள். அந்த விசை முழுவதையும் முதுகு பரவலாக ஏற்றுக்கொள்கிறது. குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து மெலிது. வண்டி ஓடும் திசைக்கு எதிராக, பின்னோக்கி அமர்த்தினால், மோதும்போது தலை முன்னே வீசப்படாமல் இருக்கையின் முதுகிலேயே அழுந்தும். இன்றுவரை கைக்குழந்தைக்கு இதைவிட நல்ல யோசனை எதுவும் வரவில்லை. அமெரிக்க அரசு 1971இல் முதல் தரவிதியை வகுத்தது. அதில் மோதல் சோதனை கட்டாயமில்லை என்பதை என்னென்பது! 1981இல்தான் அது கட்டாயமாயிற்று.

இதற்கிடையே மடியையும் ஒருவர் சோதித்துப் பார்த்தார். பின்னாளில் தில்லி ஐ.ஐ.டி.யில் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்குப் பெயர்பெற்ற தினேஷ் மோகன், லாரன்ஸ் ஷ்னைடருடன் சேர்ந்து 1979இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மடியிலுள்ள குழந்தையைப் பெரியவர்களின் பிடிவலிமை தாங்குமா என்பதே கேள்வி. கடும் மோதலில் தாங்காது என்பது விடை. கணக்கு எளிது. ஏழு கிலோ குழந்தை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வண்டி பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது. அந்தக் கணத்தில் பிடித்திருப்பவர் ஏறக்குறைய 100 கிலோ மூட்டையைத் தடுத்து நிறுத்த வேண்டும். பாசம் எவ்வளவு இருந்தாலும் முன்கைத் தசைக்கு அது ஆகாத காரியம். பெரியவர் சீட் பெல்ட் அணியாவிட்டால் அவர் உடலே குழந்தையை நசுக்கும். ஒரே பட்டையை இருவருக்குமாகப் போட்டால் பட்டை நசுக்கும்.

1985க்குள் எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. விதிகள் அதோடு நின்றுவிடவில்லை. அன்று பிள்ளை வளர்த்த தாய், பின்னோக்கிய இருக்கையைத் தன் பக்கத்தில், முன்னிருக்கையில் வைத்திருக்கலாம். 1990களில் காற்றுப்பை பரவியபோது அந்த இடமே உயிர்பறிக்கும் இடமாயிற்று. ஒரு வயதானால் முன்னோக்கித் திருப்பலாம் என்று அவள் கேட்டிருப்பாள். 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இரண்டு வயது வரை பொறுக்கச் சொன்னது. 2018இல் வயதையே விட்டுவிட்டு, இருக்கைக்கு விதித்த எடையும் உயரமும் எட்டும்வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்றது. ஆக, இன்றைய பாட்டி அறியாதவள் அல்லள். அவள் கையிலிருப்பது பழைய பதிப்பு.

அப்படியானால் தாத்தா பாட்டி ஓட்டும் வண்டி ஆபத்தானதா? பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த பிரெட் ஹென்ரெடிக்கும் குழுவினரும் 2003 முதல் 2007 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. தாத்தா பாட்டி ஓட்டிய வண்டிகளில் பேரக்குழந்தைகள் காயமுறும் வாய்ப்பு, பெற்றோர் ஓட்டியதைக் காட்டிலும் ஏறக்குறைய பாதியே. அதேவேளை, வயதுக்கேற்ற சரியான இருக்கையைப் பயன்படுத்துவதில் அவர்கள் சற்றே பின்தங்கியிருந்தனர். நிதானமான ஓட்டத்தோடு சரியான இருக்கையும் சேர்ந்தால் காயம் இன்னும் குறைந்திருக்கும்.

நம்மவர் நிலை வேறு. பேறுகாலத்துக்கென்று ஆறு மாதம் சென்று தங்கும் தமிழ்ப் பாட்டி வண்டி ஓட்டுவதில்லை. பின்னிருக்கையில் குழந்தையருகே அமர்கிறாள். நெடுஞ்சாலையில் குழந்தை வீறிடுகிறது. தாய்மாமன் மடியில் காது குத்தி, பாட்டி மடியில் குளிப்பாட்டி வளர்த்த மரபு அவளுடையது. அழும் பிள்ளையைக் கட்டிப்போட்டுப் பார்த்திருப்பது அவளுக்குக் கொடுமையாகவே படும். வாரை அவிழ்த்து எடுத்துவிடுகிறாள். மகளோ மருமகனோ முன்னிருந்து கத்துகிறார்கள். சட்டத்தைச் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. வண்டியை ஓரமாக நிறுத்தத்தக்க இடத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்பதைப் புறப்படும் முன்பே பேசிவைப்பதே நலம்.

விமானம் ஏறிவந்த களைப்பு தீர்ந்தபின் ஒரு பிற்பகலில், நிற்கும் வண்டியில், பாட்டியின் கையாலேயே இரண்டு மூன்று முறை மாட்டி அவிழ்க்கச் செய்வது பத்து அறிவுரைகளுக்குச் சமம். தோள்பட்டையருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு விழுந்தால் தளர்வு என்று பொருள். மார்புக் கொக்கி அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும், வயிற்றில் அன்று. பின்னோக்கிய இருக்கையில் வார் தோளிலிருந்தோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ மேலோ. பட்டை நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் இருக்கை ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. குளிருக்காகப் பருத்த மேலங்கி மாட்டி அதன்மேல் வார் போடுவதுதான் நம்மவர் அதிகம் செய்யும் பிழை. மோதலில் அங்கி அமுங்கி, வார் தளர்ந்துவிடும். வாரை இறுக்கியபின் மேலே போர்வை போர்த்தலாம்.

ஊரிலும் நிலை மாறிவருகிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையோ குழந்தைக்குரிய இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. டென்னஸியின் முதற் சட்டம்போல் பெற்றோர் என்று இது பிரித்துச் சொல்லவில்லை. ஓட்டுபவர் தாத்தாவானாலும் பொறுப்பு அவருடையதே.