பைக்கு விலை உண்டு, ஆளுக்குப் பெயர் இல்லை!

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். செமஸ்டர் பரீட்சை, அரியர் என்று ஓடிவிட்டது. இந்த முறை பங்குச்சந்தையும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. போட்டோக்களைப் பற்றி, அதுவும் ஃபேஷன் போட்டோக்களைப் பற்றி. "பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படியுங்கள், கணக்குப் பதிவியலும் வரும் :-)

முதலில் என் கதை. எங்கள் ஊர் விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோவிலுக்கு அடுத்து பீங்கான்தான். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை என்று செராமிக் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. போன வருஷம் உள்ளூர்த் தொழில்கள் பற்றி ஒரு புராஜெக்ட் செய்தேன். பொம்மைக்கு வண்ணம் பூசும் ஓர் அக்காவை போட்டோ எடுத்து, சார்ட்டில் ஒட்டி, கீழே "வண்ணம் தீட்டும் பெண்" என்று எழுதினேன். பக்கத்திலேயே எந்தப் பொம்மை என்ன விலை என்று அழகாக அட்டவணையும் போட்டேன். நல்ல மார்க். பெருமையாக அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொம்ம வெலயெல்லாம் எழுதியிருக்க தம்பி. என் பேரு எங்க?"

என்னிடம் பதில் இல்லை. "தப்பா நெனைக்காதீங்கக்கா, உங்க வேலையப் பெருமையா காட்டணும்னுதான் எடுத்தேன்" என்றேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் கேட்டது என் நோக்கத்தை இல்லையே, அவர் பெயரைத்தானே?

இதற்குப் பிறகுதான் 2008-ல் நடந்த ஒரு சண்டையைப் பற்றிப் படித்தேன். என்னுடைய சார்ட்டை யாரோ பளபளப்பான தாளில் அச்சடித்தது போல இருந்தது.

'வோக்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு 2007 அக்டோபரில் தொடங்கியது. 2008 ஆகஸ்ட் இதழில் 16 பக்கத்துக்கு ஒரு ஃபேஷன் தொகுப்பு வந்தது. மாடல்கள் யாரும் இல்லை, எல்லோரும் சாதாரண ஏழை ஜனங்கள். முன்பல் இல்லாத ஒரு பாட்டி கையில் குழந்தை. குழந்தையின் கழுத்தில் 'ஃபெண்டி' கம்பெனியின் எச்சில் துணி, விலை சுமார் 100 டாலர். காலில் செருப்பில்லாத ஒரு பெரியவர் கையில் 'பர்பெர்ரி' குடை, சுமார் 200 டாலர். ஒரே பைக்கில் நெருக்கிக்கொண்டு போகும் மூன்று பேர் குடும்பம்; அம்மாவின் கையில் 'ஹெர்மெஸ்' பை, அது 10,000 டாலருக்கு மேல். அதே வருஷம் உலக வங்கி வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் டாலருக்கும் குறைவாகச் செலவழித்து வாழ்கிறவர்கள் 45 கோடிக்கு மேல்!

பெரிய சர்ச்சை ஆனது. ஏழைகளைக் கேலி செய்கிறார்கள் என்றார்கள் விமர்சகர்கள். ஆசிரியர் தரப்பு, இதை இவ்வளவு கனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஃபேஷன் இனிப் பணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, யார் போட்டாலும் அழகாக இருக்கும் என்று காட்டுவதுதான் எண்ணம் என்றது. அப்போது கனிகா கெலாட் என்ற பத்திரிகையாளர் சுட்டிக்காட்டிய விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. படக்குறிப்பில் குடைக்கும் பைக்கும் கம்பெனி பெயர் இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் மனிதருக்குப் பெயர் இல்லை. வெறும் 'ஆண்', 'பெண்', அவ்வளவுதான்.

சரி, இது எப்படி இனவெறி ஆகும்? பத்திரிகை நடத்தியதும் இந்தியர்கள், படத்தில் இருப்பதும் இந்தியர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், சுமார் 150 வருஷம்.

1857 கலகத்துக்குப் பிறகு, தாங்கள் ஆளும் ஜனங்கள் யார் என்று தெரிந்துகொள்ள ஆங்கிலேய அரசாங்கம் புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டது. 'இந்திய மக்கள்' என்ற பொருளில் தலைப்பிட்டு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள், நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. பல படங்களில் ஆளின் பெயருக்குப் பதில் சாதியின் பெயர்தான். ஒரு மனிதர் இல்லை, ஒரு 'மாதிரி'. சர் சையத் அகமது கான் 1869-ல் லண்டன் போயிருந்தபோது அவருடைய மகன் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அங்கே வந்த ஓர் ஆங்கிலேய இளைஞன் "நீ இந்துஸ்தானியா?" என்று கேட்க, ஆமாம் என்று சொன்ன மகன், உடனே, ஆனால் எங்கள் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தன் நாட்டு ஜனங்களின் படத்தைப் பார்த்து ஒருவன் கூசிப்போகிறான் என்றால் அந்தப் படங்கள் என்ன செய்திருக்கின்றன என்று யோசியுங்கள்.

அந்தத் தொகுதிகளுக்குப் படம் எடுத்துத் தந்தவர்களில் ஒருவர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னார்களே, 1876-78, தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பஞ்சம், அதன் படங்கள் என்று இன்று நாம் பார்ப்பவற்றில் பல அவர் எடுத்தவை. எலும்பும் தோலுமாக இருப்பவர்களைக் குடும்ப போட்டோ போல வரிசையாக உட்கார வைத்தும் நிற்க வைத்தும் எடுத்திருக்கிறார். அந்தக் காலத்து கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். நிற்கவே தெம்பில்லாதவர்களுக்கு அதுவும் ஒரு வேலை! படம்தான் எடுத்தார், உதவி செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவர் மேல் இருக்கிறது. இன்னொரு பக்கம், அந்தப் படங்கள் இல்லையென்றால் அந்தக் கொடுமைக்கு நம் கண்ணெதிரே சாட்சி ஏது? இரண்டுமே உண்மைதான்.

அதே ஹூப்பர் 1886-ல் பர்மாவில், மரண தண்டனை நிறைவேற்றும் நேரத்தில் கேமராவை வைத்துப் படம் பிடித்தார் என்று லண்டன் வரை கூச்சல் எழுந்தது. விசாரணை வைத்துக் கண்டித்தார்கள், சம்பளத்தையும் கொஞ்ச நாள் குறைத்தார்கள். நோக்கம் கலையா, அறிவியலா என்பதெல்லாம் அந்தச் சுவரோரம் நின்றவர்களுக்கு எந்த விதத்தில் உதவும்?

இப்போது 2008-க்குத் திரும்பி வாருங்கள். பார்க்கிறவர் வெள்ளைக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்கள் பழக்கிவிட்டுப் போன அந்தப் பார்வை, எதிரே நிற்பவரை ஆளாகப் பார்க்காமல் மாதிரியாகப் பார்ப்பது, நம்மிடமே தங்கிவிட்டது. நம் ஊரில் நிறமும் சாதியும் ஏழ்மையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் அது இன்னும் சுலபமாகிவிடுகிறது. என் சார்ட்டில் இருந்ததும் அதே பார்வைதான்.

வெளிநாட்டிலும் இதே வாக்குவாதம்தான். 2009 அக்டோபரில் பிரெஞ்சு 'வோக்' இதழில் லாரா ஸ்டோன் என்ற வெள்ளைக்கார மாடலுக்கு உடம்பெல்லாம் கறுப்புச் சாயம் பூசிப் படம் போட்டார்கள். 2013-ல் 'நியூமெரோ' இதழ் வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தோலைக் கருமையாக்கி 'ஆப்பிரிக்க ராணி' என்று தலைப்புக் கொடுத்தது. புகைப்படக்காரர், கறுப்பினப் பெண்ணாகக் காட்டுவது என் நோக்கமே இல்லை என்றார். இருக்கலாம். ஆனால் அந்த வேலைக்கு ஒரு கறுப்பின மாடலையே கூப்பிட்டிருக்கலாமே? கூலி போக வேண்டிய இடத்துக்குச் சாயம் போனது, அதுதான் அங்கே பிரச்சினை.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் கூச்சல் போட்டால் கலைஞன் பயந்துபோய் ஏழைகளையும் கறுப்பானவர்களையும் படமே எடுக்க மாட்டான். பத்திரிகை முழுக்கச் சிவந்த தோல் பணக்காரர்கள்தான் இருப்பார்கள். அது மட்டும் இனவெறி இல்லையா? ஒப்புக்கொள்கிறேன், இது பலமான வாதம். அதனால்தான் "எடுக்காதே" என்று நான் சொல்லவில்லை. எப்படி எடுப்பது என்றுதான் கேட்கிறேன்.

இங்கேதான் எங்கள் கணக்குப் பதிவியல் வருகிறது. தணிக்கைப் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது, வவுச்சர் இல்லாத செலவை ஏற்காதே என்பது. முதலாளி நல்லவர், நல்ல எண்ணத்தில்தான் செலவழித்தார் என்றால் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா? நோக்கத்துக்கு வவுச்சர் கிடையாது, யாரும் அதைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடிந்தவை மூன்று. படத்தில் இருப்பவரின் பெயர் இருக்கிறதா? அவருக்குக் கூலி கிடைத்ததா? எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரிந்து "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா? இந்த மூன்றும் இருந்தால் கலைஞன் என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும்.

நம் பக்கத்தில் நல்ல முயற்சிகளும் உண்டு. சென்னையில் 2009-ல் 'கறுப்பே அழகு' என்ற கருத்தை வைத்து 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு பிரச்சாரம் தொடங்கியது. 2017 கடைசியில் பரத்வாஜ் சுந்தர், புகைப்படக்காரர் நரேஷ் நில் இருவரும் லட்சுமி, சரஸ்வதி, முருகன் என்று தெய்வங்களைக் கறுப்பான மாடல்களை வைத்தே எடுத்து வெளியிட்டார்கள். அங்கே யாருக்கும் சாயம் பூசி வேலை கொடுக்கவில்லை, கறுப்பாக இருப்பவர்களுக்கே வேலை. 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கூட 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, களிம்பு இன்னும் கடையில் இருக்கிறது!

கடைசியாக அந்த அக்கா. சரஸ்வதி பொம்மைக்கு ஏன் எப்போதும் ரோஸ் நிறமே அடிக்கிறீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருந்தேன். "மாநெறம் அடிச்சா யாரும் வாங்க மாட்டாங்க தம்பி" என்றார், தன் மாநிறக் கையால் தூரிகையைத் துடைத்துக்கொண்டே. அவருக்கு எந்தக் கெட்ட நோக்கமும் இல்லை. வாங்குகிற நமக்கும் இல்லை என்றுதான் சொல்வோம். அப்படியும் கொலுப்படியில் ஒரு கறுப்புச் சரஸ்வதியை நான் பார்த்ததில்லை.

சார்ட்டில் அவர் பெயரைப் பெரிதாக எழுதி, அவருக்கு ஒரு பிரதி போட்டோவும் கொடுத்துவிட்டேன். இங்கேயும் போட்டோவையும் பெயரையும் போடலாமா என்று கேட்டேன். "காலேஜ்ல போட்டா போதும், நெட்டுல வேணாம்" என்றார். அதனால்தான் இந்தப் பதிவில் படமும் இல்லை, பெயரும் இல்லை. இந்த முறை விட்டது நான் இல்லை, வேண்டாம் என்றது அவர்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில், உங்கள் செல்போனில், பெயர் தெரியாத யாருடைய படமாவது இருக்கிறதா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.