பிரதி, கம்பி, வாடிக்கையாளர்: கோப்புப் பகிர்வு முடக்கப்பட்ட வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

இணையம் தமிழ்நாட்டுக்கு வந்த கதையைப் பெரும்பாலும் நிறுவனங்களின் கதையாகவே சொல்லிவருகிறோம். எந்த ஆண்டு எந்தக் கம்பி வந்தது, என்ன வேகம், என்ன கட்டணம் என்பதாக. அந்தக் கம்பி வழியே எது போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானித்தவர்கள் யார், பணம் கட்டிய நாம் அதற்கு என்ன செய்தோம் என்ற கேள்விகள் அந்தக் கதையில் இடம்பெறுவதில்லை. 'திருட்டு' என்ற ஒற்றைச் சொல் அவற்றை மூடிவிடுகிறது. அந்தச் சொல்லைச் சற்றே நகர்த்தி வைத்துவிட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இங்கே என் உத்தேசம்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். வீடு, தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் 1956இல் தொடங்கப்பட்ட ஒரே நிறுவனத்தின் கையிலிருந்து வந்த ஊர். எல்லாமே 'அலாட்மென்ட்'. கிடைத்ததை வாங்கிக்கொள்வதும், குறையிருந்தால் மனு எழுதுவதும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஜனவரி 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது அதையும் இன்னொரு அலாட்மென்டாகத்தான் எடுத்துக்கொண்டோம். நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று 2004ஆம் ஆண்டுக் கொள்கை வரையறுத்திருந்தது. மலிவுத் திட்டங்களில் மாதத்திற்கு 400 எம்பி. மேலே போனால் தனிக் கட்டணம். சில திட்டங்களில் மட்டும் இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை கணக்கில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிடியில் அடங்கும் 700 எம்பி படம் 256 வேகத்தில் இறங்க ஆறு மணி நேரத்திற்கு மேல் ஆகும். அதாவது ஓர் இரவுக்கு ஒரு படம், அதுவும் இழுத்துப் பிடித்தால். அப்பா சுரங்கத்தில் நைட் ஷிப்ட் பார்த்த நாட்களில் வீட்டில் நானும் நைட் ஷிப்ட். அலாரம் வைத்து எழுந்து டொரன்டைத் தட்டிவிட்டுப் படுப்பேன். காலையில் அவர் கரி படிந்த சட்டையோடு வந்து, "என்னடா, முடிஞ்சுதா?" என்பார். கியரோஸ்டமியையும் தார்கோவ்ஸ்கியையும் நான் பார்த்தது இப்படித்தான். சினிமாத் திருவிழாக்கள் நடக்கும் நகரங்களில் பிறந்தவர்களுக்கு இது புரியாமலிருக்கலாம். என் தலைமுறைச் சிறுநகர வாசகர்களுக்கு அந்த இரண்டு மணிதான் பல்கலைக்கழகம்.

2

பிராம் கோஹன் என்ற நிரலாளர் 2001இல் பிட்டொரன்ட் முறையை உருவாக்கினார். அதன் இயக்கம் எளிமையானது. ஒரு கோப்பு பல துண்டுகளாக வெட்டப்படுகிறது. துண்டுகளைப் பெறுகிறவன் பெற்றுக்கொண்டிருக்கும்போதே தன்னிடமுள்ளவற்றை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குகிறான். கேட்பவர்கள் கூடக்கூடக் கொடுப்பவர்களும் கூடுகிறார்கள். நடுவில் ஒரு பெரிய கிடங்கோ அதற்கு ஒரு முதலாளியோ தேவையில்லை.

தமிழுக்கு இது புதிதா என்ன? ஓலை செல்லரிக்கும், மறுபடி எழுதினால்தான் நூல் பிழைக்கும். படித்தவன் படி எடுத்துக் கொடுத்ததால் வந்து சேர்ந்ததுதான் நம் இலக்கியம். (யார் படிக்கலாம், யார் படி எடுக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும், ஏடு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்து மக்கிய கதைகளும் நம்முடையவைதான்.) முந்நூறு பிரதி அச்சடித்த சிறுபத்திரிகை மூவாயிரம் பேரிடம் போனது ஜெராக்ஸ் கடை வழியாக. நாம் 'பிரதி' என்கிற சொல்லை எழுத்துக்கும் நகலுக்கும் சேர்த்தே புழங்குவது தற்செயலாக இருக்க முடியாது.

ஆனால் நம் வீட்டுக்கு வந்த கம்பி வேறொரு கருத்தியலில் செய்யப்பட்டது. அதன் தொழில்நுட்பப் பெயர் ஏ.டி.எஸ்.எல். முதலில் நிற்கும் 'ஏ' என்ற எழுத்துக்குச் 'சமமற்ற' என்று பொருள். அதன் வளர்ந்த வடிவத்தில்கூட நம்மை நோக்கி வருவதற்கு 24 மெகாபிட் வரை வழியுண்டு, நம்மிடமிருந்து போவதற்கு ஒன்று சொச்சம்தான். பெறுகிறவனாக இரு, கொடுக்கிறவனாக இராதே என்று செம்புக் கம்பியிலேயே எழுதிவிட்டார்கள். வாடிக்கையாளர் என்கிற பிறவி அங்கே உற்பத்தியாகிறது. பகிர்வைத் தடுக்கும் கட்டுப்பாடுகள் பின்னால் வந்தவை என்று நினைக்கிறோம். முதல் கட்டுப்பாடு கம்பியோடு கூடவே வந்துவிட்டது.

3

2007இல் அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் அகப்பட்டுக்கொண்டது. ராப் டோபோல்ஸ்கி என்ற பொறியாளர் பழைய நால்வர் குழுப் பாடல் பதிவுகளைப் பகிர முயன்றபோது இணைப்பு அறுந்து அறுந்து போவதைக் கவனித்தார். இரண்டு கணினிகள் பேசிக்கொண்டிருக்கும்போது, 'முடித்துக்கொள்வோம்' என்று ஒன்று மற்றதுக்குச் சொல்வதுபோன்ற பொய்ச் செய்தியை நிறுவனமே நடுவில் புகுந்து அனுப்பிக்கொண்டிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளை வைத்துச் சோதித்துப் பார்த்தது; அதுவும் மாட்டிக்கொண்டது. பழம்பாட்டிலும் பைபிளிலும் எங்கே திருட்டு? 2008 ஆகஸ்டில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் காம்காஸ்டைக் கண்டித்தது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லையென்று தள்ளிவிட்டது.

இங்கே நமக்கு நடந்தது சத்தமில்லாமல் நடந்தது. பிற்பாடு எங்கள் வீட்டில் இருந்த இணைப்பு (எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை) சாயங்காலமானால் ஒரு வினோதம் காட்டும். வேகச் சோதனையில் முழு வேகம் வரும்; டொரன்ட் மட்டும் நத்தையாய் ஊரும். போன் செய்தால், "வைரஸ் இருக்கும் சார், சிஸ்டத்த ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்பார்கள். இரண்டு தடவை ஃபார்மட்டும் பண்ணினேன். பிறகு ஒரு சிநேகிதன் வந்து போர்ட் எண்ணை மாற்றி, போக்குவரத்தைச் சங்கேதமாக்கும் வசதியைத் தட்டிவிட்டான். கோப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. அதாவது, அது இன்னதென்று தெரியாதவரை தாராளமாக விட்டார்கள்.

'நியாயப் பயன்பாடு' என்ற பெயரில் வந்தது இன்னொரு தந்திரம். 'அன்லிமிடெட்' என்று விற்றுவிட்டு, ஓர் அளவு தாண்டியதும் வேகத்தை இறக்குவது. யாருக்கு நியாயம் என்பதை நிறுவனமே சொல்லும். 2012 ஜூலையில் டிராய் ஆணையம் தலையிட்டு, அளவை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், 256க்குக் கீழே இறக்கக்கூடாது என்றது. எட்டு ஆண்டு கழித்தும் அதே 256.

4

அதே 2012இன் கோடைதான் நம் கதையின் மையம். தனுஷ் நடித்த '3' படம் மார்ச் 30 அன்று வெளியாக இருந்தது. ஆர்.கே. புரொடக்ஷன்ஸ் சென்னை உயர்நீதிமன்றத்தில் முன்கூட்டியே தடையுத்தரவு பெற்றது. 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்கும் ஏப்ரலில் ஓர் உத்தரவு. பிரதிவாதிகள் இணைப்பு நிறுவனங்களும், யாரென்று தெரியாத 'அசோக் குமார்'களும். பெயர் தெரியாத எதிரிக்கு இந்திய நீதிமன்றங்கள் வைத்த பெயர் அது. நீங்களும் நானும்தான் அந்த அசோக் குமார். இத்தனைக்கும் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்தியது 2011 நவம்பரில் வந்த 'கொலவெறி' பாட்டு. ஆளுக்கு ஆள் கைமாற்றி அனுப்பியதால் பரவிய பாட்டு!

மே மாதம் நிறுவனங்கள் பைரேட் பே போன்ற டொரன்ட் தளங்களோடு, சொந்தப் படம் எடுப்பவர்கள் பயன்படுத்திய விமியோவையும் சேர்த்து மூடின. குறிப்பிட்ட பக்கத்தை மூடுவதைவிட வீட்டையே மூடுவது அவர்களுக்குச் சுலபம். வாடிக்கையாளர் கோபம் இந்த முறை வேறு விதமாக வெளிப்பட்டது. அனானிமஸ் என்ற பெயரில் இணையதளத் தாக்குதல்கள். ஜூன் 9 அன்று பல நகரங்களில் முகமூடி அணிந்து இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டம் சொற்பம்தான். இணைப்பு நிறுவனங்களும் நீதிமன்றம் போயின. தடை குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கும் இல்லை என்று ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அந்தக் கோடையில் எங்கள் ஊரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து பைரேட் பே திறக்கவில்லையே என்று கொதித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அபத்தம். இருந்தாலும் ஒரு வித்தியாசம் அன்றே உறுத்தியது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கோரிக்கை இருந்தது, அவர்கள் கைவிட்டால் ஓடாமல் நிற்கும் எந்திரம் இருந்தது. வாடிக்கையாளரிடம் இருந்தது கோபமும் குறுக்குவழியும் மட்டும். போர்ட்டை மாற்றுவான், ப்ராக்ஸி தேடுவான், வேலை முடிந்ததும் மறந்துவிடுவான். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தப்பித்தோம். தப்பித்ததையே எதிர்ப்பு என்று நம்பினோம்.

5

2015 மார்ச்சில் டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கைக்கு எதிராகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரியில் பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை. 2018இல் தொலைத்தொடர்புத் துறை இணையச் சமத்துவத்தை ஏற்று உரிமங்களைத் திருத்தியது: தடுப்பது, தரம் குறைப்பது, வேகம் இறக்குவது எதுவும் கூடாது. இது பெரிய வெற்றி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் விதி வந்து சேர்ந்தபோது பழக்கம் போய்விட்டிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் கைப்பேசிக்குள் போனது. அங்கே பொதுவாக ஒரு முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து இன்னொருவர் நேராக வந்து நம் கதவைத் தட்ட வழியில்லை. கொடுப்பது ஏறத்தாழ முடியாது, பார்ப்பது மட்டும்தான். சமத்துவ விதியிலிருந்து பெருநிறுவனங்களின் உள்ளடக்க விநியோக வலையமைப்புகளுக்கு விலக்கும் கொடுத்தார்கள். பெரிய நிறுவனம் தன் படங்களின் நகல்களை இணைப்பு நிறுவனத்தின் கட்டிடத்துக்குள்ளேயே வைத்து வேகமாகத் தரலாம். நகலெடுத்து அருகில் வைத்துக்கொள்வது என்கிற நம்முடைய உத்திதான் அது. நாம் செய்தால் நெரிசல், அவர்கள் செய்தால் சேவை.

நண்பர்கள் கேட்கலாம்: படத்துக்கு உழைத்த லைட்மேனுக்கு என்ன பதில்? நியாயமான கேள்விதான். அடுத்தவர் படத்தைப் போட்டு விளம்பரக் காசு பார்த்த தளங்களை நான் பகிர்வின் கணக்கில் சேர்க்கவில்லை. அவை இன்னொரு விதமான முதலாளிகள். நான் இறக்கிய தமிழ்ப் படங்களுக்கு எனக்கும் சமாதானம் ஏதுமில்லை. ஆனால் உழைத்தவனுக்குக் கூலி, எல்லாருக்கும் பிரதி என்ற இரண்டையும் சேர்த்து யோசிக்க முடியாதா? பாரதி பாடல்களின் உரிமை ஒரு தயாரிப்பாளரிடம் இருந்தபோது எழுத்தாளர்கள் கூட்டம் போட்டுக் கேட்டார்கள்; 1949இல் சென்னை அரசு அதை எடுத்துக்கொண்டு, பிறகு பொதுச் சொத்தாக்கியது. கேட்டவர்கள் வாடிக்கையாளர்களாக நின்று கேட்கவில்லை.

அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது நான்கு ஸ்பிண்டில் நிறைய டிவிடிகள் கிடைத்தன. பாதி இப்போது ஓடவில்லை. ஓடுகிறவற்றைக் கேட்கிறவர்களுக்குப் படி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நெய்வேலியிலிருந்து மின்சாரம் தென்மாநிலங்களுக்கெல்லாம் போகிறது. நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு வருவது மாதாமாதம் பில். இந்த ஒருவழிப் பாதையை இயற்கை என்று ஒத்துக்கொள்ள மறுக்கிறவர்கள், தங்கள் வீட்டுக் கம்பியையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அதன் வழியே கடைசியாக எப்போது, யாருக்கு, என்ன கொடுத்தோம்?