விழுந்து கிடந்தவனும் 24 மணி நேரமும்

குடித்துவிட்டுத் தெருவோரம் கிடப்பவனை நாம் நோயாளியாகப் பார்த்ததில்லை. ‘போதை தெளிஞ்சா எழுந்திருப்பான்’ என்று விலகிப்போவதே வழக்கம். சட்டத்தின் பார்வையும் ஏறக்குறைய அதுதான். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 510ஆவது பிரிவில், போதையில் பொது இடத்தில் தொல்லை கொடுப்பவனுக்கு 24 மணி நேரம் வரை சிறை, பத்து ரூபாய் வரை அபராதம் என்று முடித்துக்கொண்டது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியதும், குடிப்பதே குற்றமானது. 1955இலும் இங்கே மதுவிலக்குதான். அந்த ஆண்டிலேயே, மதுவுக்கு ரேஷன் வைத்திருந்த ஸ்வீடன் அதைக் கைவிட்டது. குடிநோயாளிகளின் தசை சிதைவது பற்றி அந்நாட்டு மருத்துவர்கள் எழுதத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

தசை சிதைவதால் சிறுநீரகம் கெடும் என்பது அதற்கு முன்பே தெரியும். 1941இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் சிக்கி மீண்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். குடிகாரன் மேல் எந்தச் சுவர் விழுந்தது என்று கேட்கலாம். சுவர் வேண்டியதில்லை. புரண்டு படுக்கும் உணர்வுகூட இல்லாமல் கிடப்பவனின் கைகாலை அவன் உடல் எடையே மணிக்கணக்கில் நசுக்குகிறது. மதுவும் தசையை நேரடியாகத் தாக்குகிறது. சாப்பிடாமல் குடிப்பவனுக்குப் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே குறைந்திருப்பதால் தசை இன்னும் எளிதில் சிதையும். தசை உடைந்ததும் உள்ளிருந்த பொட்டாசியம் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்தக்கூடும். தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். உடனே சலைன் ஏற்றினால் பெரும்பாலும் தப்பலாம், தாமதித்தால் டயாலிசிஸ்.

பெரும்பாலோர் காலையில் எழுந்து போய்விடுகிறார்களே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் எழாதவர்களை நாம் எந்தக் கணக்கில் எழுதுகிறோம்? 2024 கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால் கலந்த விஷச் சாராயம் ஒரு கணக்கு, கல்லீரல் இன்னொன்று. கலப்படம்தான் கொல்லும் என்ற நினைப்பில், சீல் வைத்த பாட்டில் நல்ல சரக்காகிவிடுகிறது. தசைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. போலீசுக்காகப் போதைச் சான்று எழுதும் மருத்துவர் வாடை, கண், பேச்சு, நடை என்று பார்ப்பது குற்றத்தை நிறுவத்தான். வீங்கி விறைத்த தொடையும் சிறுநீரின் நிறமும் அதே மேஜையில் பார்க்கப்பட வேண்டியவை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா பத்து ரூபாயை ஆயிரமாக்கியது, சமூக சேவையையும் சேர்த்தது. 24 மணி நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டது.