ஆட்டுக்குக் கொம்பு இல்லியா?

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவோம். 3 புலி, 15 ஆடு. “ஆட்டுக்குக் கொம்பு இல்லியா மாமா, முட்டாதா?” என்றேன். விழுப்புரத்து மாமா, “பேசாம ஆடுறா” என்றார்.

அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த, கதைமாந்தராக மாறி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் இதே வழக்குதான். வீரனின் உயிர் அதில் வெறும் எண். அது தீரும்வரை முழு பலத்தோடு வெட்டுவான். நிஜத்தில் நடக்கிற காரியமா? 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் கை, கால், தலைக்குத் தனித்தனி எண் கொடுத்தது. கூடவே கணக்கும் பெருத்தது.

நான் இப்போது மாமா கட்சி. ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால்தான் புலி தாண்டி வெட்டும். இன்னொரு ஆடு நின்றால் முடியாது. கொம்பு இருந்திருந்தால் மந்தையை நான் கவனித்திருக்கவே மாட்டேன். அன்றைக்கும் 5 ஆடு போன பிறகுதான் கவனித்தேன்.