வில் (வடிவியற் சொல்)

வில் என்பது வட்டப் பரிதியின் ஒரு பகுதியைக் குறிக்கும் சொல்லாகும். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண் எனப்படும். இரண்டும் படைக்கருவியிலிருந்து பெறப்பட்ட பெயர்கள். வடமொழிச் 'சாபம்', அரபுக் 'கவ்ஸ்', இலத்தீன் 'ஆர்க்குஸ்' ஆகிய சொற்களும் படைக்கருவியான வில்லையும் வட்டத்தின் பகுதியையும் ஒருங்கே குறிப்பவை. இவ்வொப்புமை மொழிக்கு மொழி சென்றதா, வடிவத்தைக் கண்டோர் தனித்தனியே அடைந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

கிரேக்க வானியலார் தொலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் முழு நாண்களின் அளவுகளை அட்டவணைப்படுத்தினார். கி.பி. 499ஐ ஒட்டி இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் ஆரியபட்டீயம், நாணின் பாதியாகிய 'அர்த்தஜ்யா'வைக் கையாண்டு, வட்டத்தின் காற்பகுதியை 225 கலை வீதம் (கலை என்பது பாகையின் 60இல் ஒரு பங்கு) 24 கூறுகளாக்கிக் கணித்தது. நாணுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட உயரம் 'சரம்', அதாவது அம்பு, எனப்பட்டதால் கருவி முழுமையும் கணிதத்துள் இடம்பெற்றது. 'ஜ்யா'வின் மறுவடிவமாகிய 'ஜீவா' அரபில் 'ஜீபா' என ஒலிபெயர்க்கப்பட்டது. உயிரொலிக் குறிகளின்றி எழுதப்பட்ட அச்சொல், மார்புத் துணியின் மடிப்பைக் குறிக்கும் 'ஜைப்' எனப் பின்னர் வாசிக்கப்பட்டது. சட்டைப்பையைக் குறிக்கும் 'ஜேபி' தமிழுக்கு வந்ததும் இந்த 'ஜைப்' வழியாகவே. 12ஆம் நூற்றாண்டில் 'ஜைப்' இலத்தீனில், மடிப்பு, குடா ஆகிய பொருள்களையுடைய 'சைனஸ்' ஆயிற்று. இப்பெயர்ப்பைச் செய்தவர் கிரெமோனாவின் ஜெரார்டு என்று சிலரும், செஸ்டரின் ராபர்ட் என்று சிலரும் கூறுவர். இன்றைய 'சைன்' இதன் சுருக்கமே. ஆகவே நாண், சைன் என்ற இரண்டையும் தனித்தனிப் பாடங்களிற் பயிலும் மாணவர், ஒரே விற்கயிற்றை இருமுறை சந்திக்கின்றனர்.

கட்டடக்கலையில் வளைவைக் குறிக்கும் 'கமான்' பாரசீக மொழியில் வில் எனப் பொருள்படும்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவில், தம்பிலுவில் ஆகிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் 'வில்' வேறு சொல்லெனக் கருதப்படுகிறது. அது நீர்நிலையைக் குறிப்பதென்பது பரவலான விளக்கம். சிங்கள 'வில'வுடன் அதற்குள்ள உறவு பலவாறு விளக்கப்படுகிறது. எனினும் பொத்துவிலை அடுத்த அறுகம் குடா வடிவால் வில்லை நினைவூட்டுவது. இத்தகைய குடாக்கள் பொதுவாகச் சீரான வட்டவில்லாக அமைவதில்லை. அலைகள் கரைமுனையைச் சுற்றி வளைந்து பரவுவதால், முனையருகே வளைவு இறுகியும் அப்பால் தளர்ந்து நேர்கோட்டை நெருங்கியும் காணப்படும்.

இலங்கைப் பாடநூல்கள் வட்டத்தின் 'ஆர'த்தை ஆரை என்றும், இரு ஆரைகளுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட பரப்பை, சிறகை நினைவூட்டும் 'ஆரைச்சிறை' என்றும் வழங்குகின்றன. தமிழகப் பாடநூல்களில் அது வட்டக்கோணப்பகுதி. வில், நாண் ஆகிய இரண்டும் இரு நாடுகளிலும் பொதுவானவை.