1சீ: லயத்துப் பள்ளியிலிருந்து வர்த்தகப் பிரிவு வரை

பதுளை மாவட்டத்துத் தோட்டப்புறத்தில் சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளையிடம் "உயர்தரத்துல என்ன செய்யப்போற?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ரெண்டே ரெண்டுதான்: ஆர்ட்ஸ், இல்லன்னா கொமர்ஸ். கேட்பதற்கு அது அந்தப் பிள்ளையின் விருப்பம் மாதிரி இருக்கும். ஆனால் பக்கத்தில் என்ன வகைப் பாடசாலை இருக்கிறதோ அதுதான் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.

இலங்கை அரசாங்கப் பாடசாலைகளுக்கு வகைகள் உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் இருந்தால் 1ஏபீ. கலையும் வர்த்தகமும் மட்டும் இருந்தால் 1சீ. 11ஆம் தரத்தோடு நின்றால் வகை 2. சின்னப் பிள்ளைகளின் பாடசாலை வகை 3. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் வகை 3 நிறைய, 1ஏபீ குறைவு. உயர்தரம் வரை வளர்ந்த தோட்டப் பாடசாலை என்றால் அது அநேகமாக 1சீயாகத்தான் இருக்கும். நிர்வாகக் குறியீடுதானே என்று நாம் கடந்துபோகும் அந்த எழுத்துக்குப் பின்னால் நூறு வருசக் கதை இருக்கிறது.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க வேண்டும், அதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்தின் மேல் பொறுப்பைப் போட்டது. பத்து வயதுக்கு மேல் படிப்பைப் பற்றிக் கவலைப்பட யாருமில்லை. அதற்குப் பிறகு கொழுந்துக் கூடையும் மண்வெட்டியும்தான். பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு முடிவு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. 1960, 1961 சட்டங்களால் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அப்போதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களே அரசாங்கத்துக்கு வந்த பிறகு, 1977 தொடக்கம்தான் அவற்றைக் கட்டம் கட்டமாக எடுத்தார்கள். ஆக, நாடு இலவசக் கல்விக்குள் நுழைந்து முப்பது வருசத்துக்குப் பிறகுதான் எங்கள் ஆட்களுக்குக் கதவு திறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் குறைத்துச் சொல்லக்கூடாது. 1986இல் சுவீடன் உதவியோடு தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் பத்தனையில் ஸ்ரீ பாத கல்வியியல் கல்லூரி வந்தது. மலையகத்திலிருந்தே ஆசிரியர்கள் உருவானார்கள். பாடசாலைகள் ஒவ்வொரு வகுப்பாக மேலே ஏறின. உயர்தரம் தொடங்கும் நேரத்தில் ஒரு கேள்வி வரும்: எதைத் தொடங்குவது? விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் வேணும், தண்ணீர் வேணும், இரசாயனம் வேணும், பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் தனித்தனி ஆசிரியர் வேணும். பொருளியலுக்கும் அரசியல் விஞ்ஞானத்துக்கும் ஒரு கரும்பலகை போதும் என்று நினைத்தார்கள். மலிவாகத் தொடங்கக்கூடியது என்பதாலேயே வர்த்தகமும் கலையும் எங்களுக்கு வந்தன. மலிவாகவே நடத்தவும்பட்டன: நோட்ஸ் சொல்ல, எழுத, பாடமாக்க.

இந்த மலிவுதான் எங்களுக்குப் பெரிய நட்டமாகப் படுகிறது. ஏனென்றால் அந்தப் பாடங்களுக்குள்ளேதான் எங்கள் சொந்தக் கதை கிடக்கிறது.

கணக்கீட்டை எடுங்கள். தோட்டத்தில் கணக்கு என்பது வேடிக்கையான விசயமில்லை. கணக்கப்பிள்ளை என்றொரு பதவியே இருந்தது. கங்காணி முறைக் காலத்தில் ஆட்களுக்குக் கொடுத்த முற்பணம், அரிசி, வழிச்செலவு எல்லாம் கடனாக ஏறும். 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இந்தக் கடனை யார் கட்டுகிறார்களோ அவர்களிடம் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது அது. மனிதர்கள் கடன் நிலுவையோடு சேர்த்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினார்கள். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. அந்தப் பேரேட்டில் எங்கள் பாட்டன் பூட்டன் எழுதப்பட்டார்கள். எழுதும் பக்கத்தில் அவர்கள் இருக்கவில்லை.

இன்றைக்கும் செக்ரோல் இருக்கிறது. குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்ததும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் என்பது அடுத்த சண்டையானது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடிப்பார்கள், தொழில் கொடுப்பவர் 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம். உயர்தரத்தில் கூட்டு வியாபாரத்துக்கு ஐந்தொகை போட எங்களில் பலர் நன்றாகவே படித்தோம். அம்மாவின் சம்பளத் துண்டு எந்த வகுப்பிலும் மேசைக்கு வந்ததில்லை. வரலாற்றில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதும், 1869இல் கோப்பிச் செடியில் நோய் விழுந்ததும் எங்களுக்கு மனப்பாடம். 'துண்டு' என்ற சொல்லை ஒரு விடைத்தாளிலும் எழுதிய ஞாபகமில்லை.

சாதாரண தரத்தில் குடியுரிமைக் கல்வி என்றொரு பாடம் இருக்கிறது. அதைப் படிக்கும் பிள்ளையின் வீட்டிலேயே அதன் வரலாறு உட்கார்ந்திருக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தது. கடைசிக் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போனது. பாட்டியின் பழைய பத்திரம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தால் அந்தப் பாடம் எப்படி இருந்திருக்கும்?

இதெல்லாம் வெறும் படிப்பு விசயம் என்று நினைத்தால் மீரியபெத்தயைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. மண் ஏன் சரிகிறது என்பது புவியியல். லயத்தில் நாலு தலைமுறை இருந்தவர்களுக்குப் பக்கத்து மேட்டில் ஒரு துண்டுக் காணி ஏன் சொந்தமில்லை என்பது வரலாறும் பொருளியலும். தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு ஏன் தடையாக இருந்தது, 2018 வரை அதை ஏன் மாற்றவில்லை என்பது அரசியல் விஞ்ஞானம். ஒரு 1சீ பாடசாலையின் நேரசூசியில் இருக்கும் பாடங்கள் எல்லாம் அந்த ஒரு சரிவுக்குள் இருக்கின்றன.

பல்கலைக்கழக வாசலிலும் ஒரு கணக்கு உண்டு. வர்த்தகப் பிரிவுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள். அந்தப் பட்டியலில் பதுளையும் இருக்கிறது. கலைப் பாடநெறிக்கோ அகில இலங்கைத் திறமை மட்டும்தான். பெரிய நகரத்துப் பாடசாலைப் பிள்ளையும் பூனாகலைப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு ஓட வேண்டும். மாவட்ட ஒதுக்கீடு இருக்கும் வர்த்தகத்திலும் பதுளை நகரமும் தோட்டமும் ஒரே கூடைதான். ஆய்வுகூடம் இல்லாததால் கலைக்குத் தள்ளப்பட்ட பிள்ளைக்கு அங்கே எந்தச் சலுகையும் காத்திருக்கவில்லை.

அதனால் நாங்கள் ரெண்டு விசயத்தைச் சேர்த்தே கேட்கிறோம். ஒன்று, தோட்டப் பிள்ளை நடந்தோ பஸ்ஸிலோ போய்வரும் தூரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். அது கிடைக்கும்வரை கலையையும் வர்த்தகத்தையும் 'வேற வழியில்லாம' படிக்கும் பாடங்களாக நடத்துவதை நிறுத்த வேண்டும் என்பது மற்றது. இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் கலைப்பீடத்து மாணவர்கள் பழைய பாடசாலையில் ரெண்டு மணித்தியாலம் கேட்டு வாங்கலாம். பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு சம்பளத் துண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெயரை மறைத்துவிட்டு. முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, 8 வீதம் சரியாகப் பிடித்திருக்கிறார்களா, 12 வீதம் எங்கே போகிறது என்று கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம். கணக்கீட்டில் அது ஒரு சின்னப் பயிற்சிதான்; ஆனால் வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குச் சொல்ல அந்தப் பிள்ளையிடம் ஒரு விசயம் இருக்கும்.